வாஸ்துவா, வரைபடமா?

காய்ச்சல் வந்தால் வைத்தியரிடமும், வழக்கு வந்தால் வக்கீலிடமும் போகின்ற நம் மக்கள், வீட்டை இடித்துத் திருத்த வேண்டுமென்றால் மாத்திரம் வாஸ்துக்காரரிடம் போகின்றார்கள். பாடுபட்டுச் சேர்த்த பணத்தையும், கடன் வாங்கிய பணத்தையும், பெண்டு பிள்ளைகளின் உயிரையும் அவர் நீட்டிய விரலுக்கு ஒப்படைத்து விடுகின்றார்கள். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

நமது நண்பர் ஒருவர், மகளுக்கு வரன் அமையவில்லையே என்று ஒரு வாஸ்துக்காரரைக் கேட்டார். அடுப்பு அக்னி மூலையில் இல்லாததே காரணமென்றும், நடுச்சுவரை இடித்துச் சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்ற வேண்டுமென்றும் பதில் வந்தது. சுவர் பாதி இடிவதற்குள் மேல்தளத்தில் விரிசல் கண்டது. அப்புறந்தான் எஞ்சினீயருக்கு ஆள் போயிற்று. அவர் வீட்டாரை வெளியேற்றி, தளத்துக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு உத்தரம் போடச் செய்தார். கலியாணத்துக்கு வைத்திருந்த பணம் உத்தரத்துக்குப் போயிற்று. வாஸ்துக்காரரோ, "உங்களுக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டார்!

தோழர்களே! 10 அடிக்கு 10 அடி அறையின்மேல் 5 அங்குலக் கனத்தில் போட்ட கான்கிரீட் தளம் ஏறக்குறைய 3 டன் எடையுள்ளது. அதைத் தாங்குவது சுவரா, அக்னி பகவானா? எந்தச் சுவர் பாரம் தாங்குகின்றது, எது வெறும் தடுப்பு என்பதை அறிந்து சொல்ல, அதைக் கற்றவன் வேண்டாமா? 2017-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி மும்பை காட்கோபரில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் மாண்டார்கள். கீழ்த்தளத்தில் திருத்த வேலை நடந்து கொண்டிருந்தது. தூண்களில் கை வைத்ததே காரணமென்று குற்றம் சாட்டப்பட்டது.

கொத்தனாரின் கைத்திறமையை நாம் குறை சொல்லவில்லை. அவருக்கும் ஒரு வரைபடம் வேண்டும் என்றுதான் சொல்லுகின்றோம். காகிதத்தில் போட்ட கோட்டை அழிக்க ரப்பர் போதும். கட்டிய சுவரை அழிக்கக் கடப்பாரை வேண்டும். "எஞ்சினீயர் கூலி தண்டம்" என்கின்றவர்கள், ஒரே சுவரை இரண்டு தரம் கட்டுவதற்கு ஆகும் கூலியைக் கணக்குப் பார்க்கட்டும்.

எஞ்சினீயர் சொல்வதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஏன் என்று கேளுங்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில், தரைப் பரப்பில் ஆறிலொரு பங்காவது ஜன்னலும் காற்றுவழியும் வேண்டுமென்று தேசியக் கட்டட விதி கூறுகின்றது. அதன்படி உங்கள் அறைக்கு எவ்வளவு என்று அவர் கணக்குக் காட்டுவார். வாஸ்துக்காரரைக் கேட்டாலோ, "ஐதீகம்" என்பார். கேள்விக்கு நிற்பது அறிவு. கேட்டால் கோபிப்பது புரட்டு.

கடைசியாக ஒன்று. அடுப்பு எந்த மூலையில் இருக்க வேண்டுமென்று, அந்தப் புகையிலும் வெக்கையிலும் நாள் முழுவதும் வேகின்ற பெண்ணை எந்த வாஸ்துக்காரராவது கேட்டதுண்டா? வரைபடம் போடும்போது முதலில் அவளை உட்கார வைத்துக் கேளுங்கள். வீடு மனிதன் வாழ்வதற்கேயொழிய மூலைகள் வாழ்வதற்கல்ல.