ஒரு முறை பணம், ஆயுள் முழுவதும் இடம்: கிளவுட் திட்டங்களை நம்பலாமா?

ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும். ஆயுள் உள்ளவரை படங்களையும் பத்திரங்களையும் பாதுகாத்துத் தருகிறோம் என்று அழைக்கும் விளம்பரங்கள், இப்போது கைபேசியைத் திறந்தாலே கண்ணில் படுகின்றன. மாதச் சந்தா இல்லை, வருஷச் சந்தாவும் இல்லை. இதற்கு 'ஆயுள் கிளவுட் திட்டம்' என்று பெயர். மேகம் என்று பெயர் வைத்திருந்தாலும் வானத்தில் ஒன்றும் கிடையாது. எங்கோ ஓர் ஊரில், பெரிய கட்டடம் ஒன்றில், இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர்களில் உள்ள இடத்தைத்தான் விற்கிறார்கள்.

நெய்வேலி போன்ற ஊரில் இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. நகரியத்தில் குடியிருக்கும் ஊழியர், ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வருஷம் குடியிருந்த வட்டத்தை விட்டுப் புறப்படும்போது, பீரோவில் அடுக்கி வைத்திருந்த ஆல்பங்களையும் சான்றிதழ்களையும் எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. அதே சமயத்தில் பணிக்கொடையும் வைப்பு நிதியும் சேர்ந்து ஒரு மொத்தத் தொகை கைக்கு வருகிறது. கையில் பணமும், இனி மாதாமாதம் செலவு வேண்டாம் என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும் அந்த வேளையில், ஒரே தடவையில் முடித்துக்கொள்ளும் திட்டம் நல்ல யோசனையாகத் தோன்றுவது இயற்கை.

சுற்றுக் கிராமங்களில் விஷயம் இன்னும் கனமானது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களிடம் பட்டா, கிரயப் பத்திரம், நஷ்ட ஈடு பற்றிய உத்தரவு என்று பழைய காகிதங்கள் உண்டு. நில எடுப்பு விவகாரம் தலைமுறை கடந்தும் எழக்கூடியது. அன்று தாத்தா கையெழுத்திட்ட காகிதத்தைப் பேரன் தேட நேரலாம்.

காகிதமாக வீட்டில் வைத்திருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் கூரையைப் பறித்துச் சென்றது. 2015 நவம்பர் வெள்ளமும் இதே மாவட்டத்தை விடவில்லை. ஆகவே ஒரு பிரதி வெளியூரில் இருக்கட்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. அதை யாரிடம், என்ன நிபந்தனையில் ஒப்படைப்பது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

நிற்காத செலவு

நெய்வேலிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதைப் பம்புகள் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். 1961 ஆகஸ்டில் முதன்முதலாக நிலக்கரி கைக்கு எட்டிற்று. அத்தனை வருஷம் ஆகியும் இன்றும் நீர் இறைத்தாக வேண்டியிருக்கிறது. ஒரு தடவை பணம் செலவழித்துக் குழி வெட்டிவிட்டோம், இனிச் செலவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கிளவுட் சேமிப்பும் அப்படித்தான். ஒரு படத்தை ஏற்றிவிட்டுப் பத்து வருஷம் யாரும் திறந்து பார்க்காவிட்டாலும், அது இருக்கும் டிஸ்க் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு மின்சாரம் வேண்டும். சூடாகாமல் இருக்கக் குளிர்சாதனம் வேண்டும். காவலும் ஆளும் வேண்டும். பெரிய சேமிப்பு நிலையங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு டிஸ்க்குகள் ஒவ்வொரு வருஷமும் பழுதாகின்றன. அதனால் ஒரே தகவலைப் பல டிஸ்க்குகளில் பரப்பி வைத்து, பழுதானதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின் நிலையத்துக்கு, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் என்று ஒன்று உண்டு அல்லவா? இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்த செலவே.

வரவு ஒரு நாள், செலவு பல நாள்

அப்படியானால் ஒரு முறை வாங்கும் பணத்தில் கம்பெனிகள் எப்படிக் காலம் தள்ளுகின்றன? அவற்றுக்கும் சில நியாயமான கணக்குகள் உண்டு. வாங்கிய இடம் முழுவதையும் நிரப்புவோர் குறைவு. ஒரு டி.பி. என்றால், ஒரு படம் 4 எம்.பி. வீதம், இரண்டரை லட்சம் படங்கள் கொள்ளும். சாதாரணக் குடும்பம் அதில் ஒரு பகுதியைத்தான் நிரப்பும். டிஸ்க் விலையும் நீண்ட காலக் கணக்கில் இறங்கியே வந்திருக்கிறது. மாதச் சந்தா கட்டும் வேறு வாடிக்கையாளர்களிடமிருந்தும் வருமானம் உண்டு.

ஆனால் நாலாவதாக ஒரு வரவும் உண்டு. அதுதான் கவலைக்குரியது. பழைய வாடிக்கையாளருக்கு ஆகும் செலவைப் புதிதாகச் சேருகிறவர் பணத்தில் சரிக்கட்டுவது! புதியவர்கள் வந்துகொண்டிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். வரத்துக் குறைந்தால் கணக்கு இடிக்கும். மேலும் மேலும் தள்ளுபடி கொடுத்து ஆள் சேர்க்கும் கம்பெனியைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதிக் கம்பெனிகள் கவிழ்ந்ததும், டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்க 1997-ல் தனிச் சட்டமே வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கிளவுட் கம்பெனிகளை அவற்றோடு ஒரே தட்டில் வைப்பது நியாயம் ஆகாது. நேர்மையாக நடப்பவையும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. டெபாசிட் போட்டவருக்கு அசல் கேட்கும் உரிமை உண்டு. ஆயுள் திட்டம் வாங்கியவர் போட்டது டெபாசிட் அல்ல. அவர் ஒரு சேவைக்கு முன்பணம் கட்டியவர் மட்டுமே.

யாருடைய ஆயுள்?

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் ஓய்வு பெற்றது. சோவியத் உதவியோடு எழுந்த அந்த இரும்பு நிலையத்துக்கே ஆயுள் 58 வருஷம். ஆகவே 'ஆயுள்' என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேட்பது அவசியம்.

ஆயுள் திட்டங்களுக்குப் பேர்போன ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி பி-கிளவுட். அது தன் நிபந்தனையில் இதற்கு விளக்கம் தந்திருக்கிறது: 99 வருஷம், அல்லது கணக்குக்கு உரியவரின் ஆயுள், இவற்றில் எது குறைவோ அது. ஒளிவுமறைவு இல்லாத விளக்கந்தான். ஆனால் அதன் பொருளைக் கவனிக்க வேண்டும். இருபத்தைந்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தந்தையும் ஒரே விலை கொடுக்கிறார்கள்; கிடைக்கும் காலமோ ஒன்றல்ல. பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தாத்தா தம் பெயரில் வாங்கினால், பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய காலத்தில் திட்டம் முடிந்திருக்கும்.

'ஆயுள்' என்ற சொல்லை நம் நாட்டு ஜனங்கள் ஒரு முறை பணம் கொடுத்தே கற்றிருக்கிறார்கள். 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் டெலிபோன் கம்பெனிகள் சுமார் 1,000 ரூபாய்க்கு 'ஆயுள் சிம்' விற்றன. ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும் என்றார்கள். ஆயுள் என்பது கம்பெனியின் லைசென்ஸ் உள்ள காலம் என்று பிறகு டிராய் அமைப்பு விளக்கிற்று. 2018 நவம்பரில் பெரிய கம்பெனிகள் 28 நாளைக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் என்று கொண்டுவந்தபோது, ஆயுள் சிம் வைத்திருந்தவர்கள் திகைத்தார்கள்.

அதே 2018-ல் பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் பெரியது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி வீட்டுக்கு வீடு பரவியிருந்த ஏர்செல், டவர்கள் நின்றுபோய் ஊமையாயிற்று. கடைகளில் வாடிக்கையாளர்கள் முண்டியடித்தார்கள். மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனுப் போட்டது. இவ்வளவு பெரிய வியாபாரம் சில வாரங்களில் அடங்கிவிடும் என்று முன்கூட்டி எண்ணியவர் எத்தனை பேர்?

பெரியவர்களும் சிறியவர்களும்

உலகப் பெருங்கம்பெனிகளும் சொன்ன சொல்லை மாற்றியிருக்கின்றன. அளவில்லாத இடம் தருவதாகச் சொன்ன மைக்ரோசாப்ட் 2015-லும், அமேசான் 2017-லும் அதை நிறுத்தின. அமேசான் டிரைவ் என்ற சேவையே 2023 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. கூகுள் போட்டோஸில் அளவின்றி இலவசமாகப் படம் ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ல் முடிந்தது. ஆயினும் கூகுள் சுமார் ஆறு மாதம் முன்பே சொன்னது. அதற்குமுன் ஏற்றிய படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிறிய கம்பெனிகளிடம் இந்த நிதானத்தை எதிர்பார்ப்பது கஷ்டம். அமெரிக்காவில் நிர்வானிக்ஸ் என்ற சேமிப்புக் கம்பெனி 2013 செப்டம்பரில் மூடியபோது, தகவல்களை எடுத்துக்கொள்ள முதலில் தந்த அவகாசம் ஏறக்குறைய இரண்டு வாரம். நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள வீட்டு இணைப்பில் ஒரு டி.பி.யை இறக்க, இடைவிடாமல் இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும். எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே சமயத்தில் வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி கைமாறுவது இன்னொரு அபாயம். வி.பி.என்.செக்யூர் என்ற இணையச் சேவையை வாங்கிய புது உடைமையாளர், முன்பு விற்கப்பட்ட ஆயுள் சந்தாக்களை 2025-ல் ரத்து செய்தார். அந்தப் பொறுப்பைத் தாம் வாங்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சேமிப்புச் சேவையிலும் இது நேர முடியும்.

சர்க்கார் நடத்தினாலும் நெருப்பு பேதம் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்க டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அதிகாரிகள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் 858 டி.பி. தகவல் அழிந்தது. அதற்கு வெளியே வேறு பிரதி இல்லை என்பதே அந்த விபத்தின் படிப்பினை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

ஏர்செல் கவிழ்ந்தபோது ஜனங்கள் நம்பரை இழக்காமல் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருந்தது. கிளவுடில் வைத்த தகவலுக்கு அப்படி ஒரு உரிமை இல்லை. 2023-ம் வருஷத்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கொடு என்று கேட்கும் உரிமை அதில் இடம்பெறவில்லை.

2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, வாடிக்கையாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நெய்வேலிவாசி கடலூரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் இந்தியாவில் ஓர் ஆபீசும் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியிடம் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய்ப் பணம் வசூலிப்பது வேறு காரியம்.

கணக்குப் போட்டால்

ஆயுள் திட்டமே கூடாது என்பதா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பி-கிளவுடின் 2 டி.பி. ஆயுள் திட்டம் சுமார் 400 டாலருக்கு விற்கப்பட்டு வந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 35,000 ரூபாய். அதே 2 டி.பி.க்குக் கூகுள் இந்தியாவில் நெடுநாள் வைத்திருந்த விலை, ஆண்டுக்கு 6,500 ரூபாய். அப்படியானால் ஆயுள் திட்டம் ஐந்தரை வருஷம் தாக்குப் பிடித்தால் போட்ட பணம் வந்துவிட்டது. அதற்குமேல் கிடைப்பது லாபம். ஐந்தரை வருஷத்துக்குள் கம்பெனி மூடினால் நஷ்டம். பத்து வருஷமாவது நிலைத்து நடந்த கம்பெனியா என்று பார்ப்பது இதற்காகத்தான். மிகக் குறைந்த விலைக்கு மிக அதிக இடம் தருவோரிடம், மற்றவர்கள் கட்டும் செலவை இவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கும் பணத்துக்கு மட்டுமே. ஒரு கல்யாண ஆல்பத்துக்கோ, காலமான தாயின் குரலுக்கோ ஐந்தரை வருஷக் கணக்கு செல்லாது. ஆகவே முதல் விதி: ஆயுள் திட்டத்தில் வைப்பது ஒருநாளும் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று வெளியூரில் மகன் அல்லது மகள் வீட்டிலும் இருக்கட்டும். கிளவுட் மூன்றாவது பிரதியாக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கும் சாகாவரம் பெற்றது அல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்து, சில வருஷத்துக்கு ஒரு தடவை புதியதில் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, குடும்பத்துக்காக வாங்குவதானால் நிபந்தனையைப் படித்துவிட்டு இளையவர் பெயரில் வாங்குவது புத்திசாலித்தனம். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, கிரயப் பத்திரம், ஓய்வூதிய ஆணை முதலியவற்றின் அசலை ஸ்கேன் செய்தாயிற்று என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. கோர்ட்டில் முதலில் கேட்பது அசலைத்தான். சர்க்கார் வழங்கும் பல சான்றிதழ்களுக்கு 2015 முதல் நடக்கும் டிஜிலாக்கர் இலவசமாகவே இருக்கிறது. நாலாவது, ஏற்றியதை வருஷத்துக்கு ஒரு முறையாவது இறக்கிப் பார்க்க வேண்டும். திரும்பி வருகிறதா என்று பார்க்காத சேமிப்பைச் சேமிப்பு என்று சொல்வதற்கில்லை.

இந்த ஏற்பாடுகளைச் செய்துகொண்டவர், சலுகை விலையில் ஆயுள் திட்டம் வாங்கினால் அதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. கம்பெனி மூடினால் போவது பணம் மட்டுந்தான். ஏற்பாடு எதுவும் இல்லாமல், இருந்த ஆல்பத்தை எல்லாம் ஏற்றிவிட்டு வீட்டில் உள்ளதைக் கழித்துக் கட்டுகிறவர், தம் குடும்பத்தின் ஞாபகங்களை முகம் தெரியாத ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கில் பணயம் வைக்கிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் அவசரத்தில் அந்த முடிவை எடுக்காமல் இருப்பது நல்லது.