இரவல் பெயரில் ஓடும் கார்கள்

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்குவது 1997லேயே செய்தி அல்ல. வெளிநாட்டு வங்கியின் பேரேட்டையும் விமான கம்பெனியின் டிக்கெட் கணக்கையும் எழுதித் தருவதற்கு நகரத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்ட்டராக்டிவ் எடுத்துக்கொண்ட தொழில்தான் விசித்திரமாகப் பட்டது: வீடியோ கேம். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் வஸ்து என்று பெற்றோர் ஒளித்துவைத்த ஒன்றைப் பிழைப்பாக்க முடியும் என்று நம்ப அப்போது துணிச்சல் வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் கேம் நிறுவனம் என்ற பெருமை துருவாவுக்குத்தான் தரப்படுகிறது.

பெருமை சோறு போடாது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத காலம் அது. வைத்திருந்த சிலரும் சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் சொற்பக் காசுக்குக் கள்ள சி.டி. வாங்கிக்கொண்டார்கள். உரிய விலை கொடுத்து கேம் வாங்கும் வழக்கமே இல்லாத நாட்டில் சொந்தமாக ஒன்றைத் தயாரித்து யாருக்கு விற்பது? ஆகவே துருவா வெளிநாட்டுக் கதவுகளைத் தட்டியது. தொடக்க ஆண்டுகளிலேயே பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸின் ‘மிஷன் இம்பாசிபிள்’ விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றித்தரும் வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பதிப்பு கடைசிவரை கடைக்கு வரவே இல்லை. முதல் பெரிய வேலையே வெளியுலகம் பார்க்காத வேலையாகிப்போனது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃப்ரீட்மன் 2005ல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்’ நூலில் துருவா இடம்பெற்றது. சார்லி சாப்ளின் உருவத்தை மொபைல் கேம்களில் பயன்படுத்தும் உரிமையை ஒரு பெங்களூர் கம்பெனி வாங்கியிருக்கிறது என்பதை அவர் உலகம் மாறியதற்கு அடையாளமாகக் காட்டினார். உண்மையில் துருவாவை வாழவைத்தது சாப்ளின் அல்ல; மற்றவர்களின் கேம்களுக்குச் செய்துகொடுத்த சித்திர வேலை. கார்கள், கட்டடங்கள், ஆயுதங்கள், மனித உருவங்கள். மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்ஸா’ கார் பந்தய வரிசை, ‘குவாண்டம் பிரேக்’, ‘ஸீ ஆஃப் தீவ்ஸ்’ என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இது சும்மா படம் வரைகிற காரியம் என்று நினைப்பவர்கள், பந்தய கேமில் ஓடும் ஒரு காரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திரையில் வளைவாகத் தெரியும் எதுவும் வளைவு அல்ல. ஒன்றோடொன்று ஒட்டிய ஆயிரக்கணக்கான முக்கோணங்கள். கார் கம்பெனியின் அளவுகளையும் எல்லாப் பக்கத்துப் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு கலைஞர் அந்த முக்கோணங்களால் உடலைக் கட்டுகிறார். ஒரு புள்ளி இம்மி நகர்ந்தாலும் பானட் மீது விழும் வெளிச்சம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு தையற்காரர் சட்டையைப் பிரித்துத் துணியாக விரிப்பதுபோல அந்த உடலின் தோலை மட்டும் தட்டையாக விரித்து, பெயின்ட், துரு, தூசி, ரப்பர் ஆகியவற்றைப் பூச வேண்டும். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் சின்னக் கிண்ணம்கூடத் தனியாகச் செய்யப்படுகிறது.

அதோடு முடியவில்லை. அதே காரை மறுபடி, மறுபடி செய்ய வேண்டும். கிட்டத்தில் நின்று பார்க்க ஒன்று, தெருக்கோடியில் போகும்போது காட்ட முக்கோணங்களைக் குறைத்த இன்னொன்று, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தூரத்துக்கு மிக எளிமையான வேறொன்று. இல்லாவிட்டால் இருபது கார்கள் ஒன்றாக வளைவில் திரும்பும்போது இயந்திரம் திணறும். ஆட்டக்காரருக்கு இந்த ஆள்மாறாட்டம் தெரியவே கூடாது. பிறகு நிஜக் கார் கம்பெனி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தங்கள் வண்டி நசுங்குவதைத் திரையில் காட்ட அவர்களில் பலருக்கு மனம் வருவதில்லை.

இதற்குத் தேவைப்படும் மனப்பக்குவம் விசேஷமானது. ஒரு மாதம் அமெரிக்க ஸ்டூடியோவின் கண்ணால் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் இங்கிலாந்துக்காரரின் கையால் வரைய வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளரின் பாடுதான் இதுவும்: செய்தவரின் சொந்தக் கை எங்கும் தெரியாமல் இருக்க வேண்டும். கேம் வெளியாகும்வரை எதற்காக உழைக்கிறோம் என்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். வெளியான பின்பு, ஆட்டத்தை முழுதாக முடித்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர் மட்டும் பார்க்கும் நீண்ட பட்டியலில் பெயர் ஓடும். கேம் கோடிக்கணக்கில் விற்றாலும், கூலிக்குச் செய்துகொடுத்த ஸ்டூடியோவுக்கு லாபத்தில் பங்கு வருவது அபூர்வம். வேலைக்குப் பேசிய தொகை வந்துவிட்டது, கணக்கு முடிந்தது.

துருவாவின் சொந்தக் கணக்கும் அப்படித்தான் முடிந்தது. 2016 டிசம்பரில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கப்போவதாக அறிவித்தது. இரண்டே ஆண்டில் ஸ்டார்பிரீஸுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. அதில் பெங்களூர்க் கலைஞர்களின் பிழை எதுவும் இல்லை. 2019 மே மாதம் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் கேம்ஸுக்கு 79 லட்சம் டாலருக்குத் துருவா கைமாறி, பெங்களூரிலேயே இருந்த ராக்ஸ்டார் இந்தியாவோடு கலந்தது. இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் பலகையிலிருந்து இறங்கியது.

அவர்களுக்காவது வேலை மிஞ்சியது. பெங்களூரில் பெரிய அளவில் சினிமா கிராஃபிக்ஸும் கேம் சித்திரங்களும் செய்துவந்த டெக்னிகலர், 2025 பிப்ரவரியில் தலைமை நிறுவனம் பாரிஸில் பணமின்றி விழுந்ததும் இங்கேயும் மூடப்பட்டது. 2012லேயே அனிமேஷன், கேமிங் துறைகளுக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம். பயிற்சி, மானியம் எல்லாம் பேசப்பட்டன. ஆனால் விளையாட்டின் உரிமை யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு எந்தக் கொள்கையும் எளிதில் பதில் தந்துவிட முடியாது.

துருவா வழிதவறியது என்று சொல்வது அநியாயம். கூலி வேலை இல்லாவிட்டால் முதல் ஐந்து ஆண்டுகளைக்கூட அது தாண்டியிருக்காது. முக்கோணம் அடுக்கும் வித்தை இந்தியர்களுக்கு வரும் என்று வெளிநாட்டவரை நம்பவைத்ததும் அதுதான். இருந்தாலும் சொந்தக் கதை சொல்லத் துணிந்தவர்கள் சிறிய குழுக்களாகவே இருக்கிறார்கள். புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி 2017ல் தோற்ற பிறகும் விடாமல் உழைத்து, பண்டைய இந்தியப் பின்னணியில் ‘ராஜி’யை 2020ல் வெளியிட்டது. 2023ல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’வில் பந்தயமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு இட்லி வார்க்கிறாள். எந்த வரி விடுபட்டிருக்கிறது என்பதை ஆட்டக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2024ல் அதற்குப் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில் கிடைத்தது. அட்டையில் உள்ள பெயரும் உள்ளே உள்ள கதையும் அதைச் செய்தவர்களுடையவை.