தூரிகை எவரை நோக்கி?

அச்சியந்திரம் உடையவனுக்குப் பத்திரிகை இருக்கிறது. பாராளுமன்றத்தில் ஆசனம் உடையவனுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. இவ்விரண்டும் இல்லாதவன் தன் குறையை எங்கே எழுதுவான்? ஊர் மதிலில் எழுதுவான். சட்டம் அதனைச் சேதம் என்று சொல்கிறது. எழுதியவனோ அதனைத் தன் பேச்சு என்கிறான். எவர் பக்கம் நியாயம் உள்ளது என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

இவ்வழக்கு அண்மையில் நீதியின் வாசற்படியிலேயே எழுந்தது. 2025 செப்டெம்பர் 8ஆம் நாள், இலண்டன் மாநகரில் அரச நீதிமன்றக் கட்டடத் தொகுதியின் வெளிச்சுவரில் ஒரு சித்திரம் காணப்பட்டது. பொய்முடியும் கருஞ்சட்டையும் அணிந்த நீதிபதி ஒருவர், தரையில் வீழ்ந்து கிடக்கும் ஆர்ப்பாட்டக்காரன் ஒருவனை மரச் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார். வீழ்ந்தவன் கையிலிருக்கும் வெற்றுப் பதாகையில் இரத்தத் துளிகள் தெறித்திருக்கின்றன. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே, தடை செய்யப்பட்ட பலஸ்தீன ஆதரவு இயக்கம் ஒன்றின் பொருட்டு அந்நகரில் கூடியவர்களுள் ஏறக்குறைய 900 பேர் கைதாகியிருந்தனர். ஓவியர் விளக்கம் எதுவும் எழுதவில்லை. பார்த்தவர்களுக்கு அது தேவைப்படவுமில்லை.

ஆங்கில நீதிபதிகள் சுத்தியல் வைத்திருப்பதில்லை என்பது சட்டம் பயின்றோர் அறிந்ததே. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் அது இல்லை. ஆயினும் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிச் சித்திரத்தைத் தள்ளிவிட முடியுமா? இல்லாத சுத்தியலைக் கையில் கொடுத்து இருக்கும் உண்மையைச் சொல்வது ஓவியனின் உரிமை. நீதிமன்ற நிருவாகத்தினர் முதலிற் சித்திரத்தை மூடி மறைத்தனர்; மரபுரிமைக் கட்டடத்தின் தோற்றத்தைக் காக்கவேண்டும் என்று காரணங் கூறிப் பின்னர் தேய்த்து அழித்தனர். தேய்த்த பிறகும் நிழல்போல் அதன் உருவம் கல்லில் எஞ்சி நின்றது!

இதனை வரைந்தவர் பாங்க்சி என்ற புனைபெயர் பூண்ட ஓவியர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத் தெருக்களில் 1990ஆம் ஆண்டுகளில் எழுதத் தொடங்கியவர். முகத்தை மறைத்தே வாழ்பவர். இளமையில் ஒருநாள் பொலிசாருக்கு அஞ்சி லொறி ஒன்றின் அடியிற் பதுங்கிக் கிடந்தபோது, அதன் அடிப்பாகத்தில் அச்சுத் தகடு கொண்டு பதித்த எழுத்துக்களைக் கண்டதாகவும், அன்றே தம் முறையை மாற்றிக் கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். வீட்டில் ஆற அமர இருந்து மட்டையில் உருவத்தை வெட்டிக் கொள்வது. இரவில் அதனைச் சுவரோடு வைத்து வர்ணம் தெளிப்பது. சில நிமிடங்களில் மறைந்து விடுவது. கலை விமர்சகர்கள் இதனை ஒரு பாணி என்பர். சட்டத்தின் கை எட்டுவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும் அவசரமே அந்தப் பாணியைப் பெற்றெடுத்தது. எலியும் குழந்தையும் பொலிஸ்காரனும் அவர் சித்திரங்களில் மீண்டும் மீண்டும் வருவதும் காரணமின்றியன்று. தெருவில் போகிறவன் நின்று யோசியாமலே விளங்கிக்கொள்ளும் உருவங்கள் அவை.

2005ஆம் ஆண்டில் அவர் பலஸ்தீனத்துக்குச் சென்று, இஸ்ரேல் எழுப்பிய பிரிவினைச் சுவரில் ஒன்பது சித்திரங்கள் வரைந்தார். அச்சுவர் சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆலோசனைக் கருத்து வழங்கியிருந்தது. நீதிமன்றத்தின் கருத்து ஏட்டில் கிடந்தது. சுவரோ அசையாமல் நின்றது. அங்கே ஒரு முதியவர், இந்தச் சுவரை நீ அழகாக்குகிறாய் என்றாராம். ஓவியர் நன்றி சொல்ல, எங்களுக்கு இது அழகாக வேண்டாம், இதை நாங்கள் வெறுக்கிறோம், வீட்டுக்குப் போ என்றாராம் அவர். இதனையும் ஓவியரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அடக்குமுறையின் சுவருக்குப் பூச்சு வேலை செய்துவிடுகிறோமோ என்ற அச்சம் சுவரில் எழுதும் ஒவ்வொருவனுக்கும் இருக்கவேண்டிய அச்சமாகும்.

பணத்தின் திருவிளையாடலையும் சொல்லவேண்டும். 2018 ஒக்டோபரில் இலண்டன் ஏலக் கூடமொன்றில் இவருடைய பலூன் சிறுமி ஓவியம் 10 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது. சுத்தியல் விழுந்த கணமே, சட்டத்துக்குள் மறைத்திருந்த பொறி ஓவியத்தைப் பாதிவரை கிழித்தது. கிழிந்த அதே ஓவியம் மூன்று ஆண்டுகளின் பின் 1 கோடியே 85 இலட்சம் பவுணுக்கு மேல் விற்கப்பட்டது. சந்தையை ஏளனம் செய்த கையையே சந்தை விலைக்கு வாங்கிவிட்டது. தெருவில் எழுதினால் குற்றம், கூடத்தில் தொங்கினால் செல்வம் என்றால், குற்றம் மையில் இருக்கிறதா, இடத்தில் இருக்கிறதா?

கடல் கடந்த கதை நமக்கு ஏன் என்று கேட்பவர்கள் நம் சொந்தச் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1957இல் மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டிற் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டபோது, தமிழர் தூரிகை எடுத்தனர். 1958இல் அந்த எழுத்தோடு பஸ் வண்டிகள் தமிழ்ப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டபோது தார்ச் சட்டி மீண்டும் வெளியே வந்தது. தந்தை செல்வநாயகம் இவ்வியக்கத்தில் ஈடுபட்டு மட்டக்களப்பிற் சிறை சென்றார். அவர் சட்டத்தின் நுணுக்கம் அறிந்த இராணி வழக்கறிஞர். தாம் செய்வது குற்றமாகும் என்பதை அறிந்தே செய்தார். பாங்க்சி முகத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறார். செல்வநாயகம் முகத்தைக் காட்டி எழுதித் தண்டனையை ஏற்றார். வழிகள் வேறு, அதிகாரத்தின் முகத்தில் எழுதவேண்டும் என்ற நோக்கம் ஒன்றே.

ஆனால் அதே ஏப்ரலிற் கொழும்பிலும் தார்ச் சட்டிகள் திரிந்தன. தமிழ்க் கடைக்காரர்களின் பெயர்ப்பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துக்கள் மீது காடையர் தார் பூசினர். அடுத்த மாதமே நாடு இரத்தத்திற் குளித்தது. இரண்டும் ஒரே தார்தானே என்று சிலர் வாதிடுவர். ஒரே தார்தான்! ஆயினும் ஒன்று அரசு திணித்த எழுத்தின்மேல் விழுந்தது. மற்றது தன் தொழிலைச் செய்து பிழைத்த சாமானியனின் பெயரின்மேல் விழுந்தது. தூரிகை மேல்நோக்கிச் செல்கிறதா, கீழ்நோக்கி இறங்குகிறதா என்பதே நான் வைக்கும் உரைகல். 2019 இறுதியில் புதிய ஜனாதிபதி பதவியேற்றதும் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களிற் சித்திரம் தீட்டினர். அவர்களுள் நல்லெண்ணம் கொண்டோர் பலர் இருந்தனர். ஆனால் மன்னர்களும் படைவீரர்களும் மதிலேறிய அளவுக்கு, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏறவில்லை. ஆட்சியின் மனம் கோணாத சித்திரத்துக்குச் சுதந்திரம் தேவையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகிறது. பேச்சு என்பது வாய்ச்சொல் மட்டுந்தானா? 1992 ஜூலை முதலாம் நாள் எதிர்க்கட்சியினர் நடத்திய ஜனகோஷ ஆர்ப்பாட்டத்தைப் பொலிசார் குலைத்தபோது, வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. மணியடிப்பதும் பறையறைவதும் கூடக் கருத்தை வெளியிடும் பேச்சே என்று அம்மன்று 1993இல் தீர்த்தது. ஒலி பேச்சாகுமாயின் உருவம் பேச்சாகாதா? இதற்கு எதிரே 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துக்கள் பற்றிய சட்டம் நிற்கிறது. சேதம் 25,000 ரூபாவுக்கு மேல் என்று பொலிஸ் மேலதிகாரி ஒருவர் சான்று எழுதிவிட்டால், விசேட காரணம் காட்டினாலன்றி நீதவான் பிணை வழங்க முடியாது. இன்றைய விலைவாசியில் 25,000 ரூபா எம்மாத்திரம்? ஒரு வாளி வர்ணத்துக்காக ஓர் இளைஞன் மறியலிற் கிடப்பது நீதியாகுமா?

இனி நம் வாசலுக்கு வருவோம். உரைகல்லைப் பிறர் பொன்னுக்கு மட்டும் பயன்படுத்துதல் வணிகனுக்கும் அழகன்று, சட்டத்தரணிக்கும் அழகன்று. 1990 செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்ட தமிழரை நாம் ஆண்டுதோறும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். அதே ஆண்டு ஜூலையில், நம் குருக்கள்மடத்துச் சாலை வழியே காத்தான்குடிக்குத் திரும்பிய முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் மறித்துக் கொண்டுபோய்க் கொன்றனர். மக்கா யாத்திரை முடித்து மீண்டவரும் அவர்களுள் இருந்தனர். புதைத்த இடத்தைத் தோண்டி எலும்புகளையாவது முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்ற உறவினரின் கோரிக்கை 2014இல் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றம் வரை சென்றது. நாளை ஒரு காத்தான்குடி இளைஞன் வர்ணப் புட்டியோடு வந்து, நம் பெருந்தெரு மதிலில் அந்தப் பயணிகளின் முகங்களை வரைவானாயின் நாம் என்ன செய்வோம்? பொலிசுக்கு ஆள் அனுப்புவோமா? விடிவதற்குள் வெள்ளையடிப்போமா? அப்படிச் செய்வோமாயின், இலண்டனில் சித்திரத்தைத் தேய்த்தவர்களைக் குறைகூற நமக்கு வாய் இருக்காது.

ஆகவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது: உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தில்லாத சுவரெழுத்தை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கவேண்டும், எழுதியவனைக் கொண்டே துடைப்பிப்பதும், செலவை அறவிடுவதும் போதிய பரிகாரமாகும். இரண்டாவது: நம் பிரதேச சபை தன் பொறுப்பிலுள்ள மதில்களுட் சிலவற்றை எவரும் அனுமதி கேளாமல் எழுத ஒதுக்கவேண்டும். வன்முறைக்குத் தூண்டுவதைத் தவிர வேறெதையும் சபை அழிக்கலாகாது.

அந்த மதில் நமக்கு இனிப்பதை மட்டும் சொல்லாது. சத்துருக்கொண்டானின் முகங்களும் காத்தான்குடிப் பயணிகளின் முகங்களும் ஒரே மதிலில் அருகருகே நிற்கும் நாளில், தமிழன் கேட்கும் பேச்சுச் சுதந்திரம் தமிழனுக்காக மட்டும் கேட்டதன்று என்பதை ஊரும் உலகும் அறியும்.