ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏழைச் சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவுக்காக நடந்த ‘உணவுச் சுவை விழா’ ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். நடத்தியவர்கள் ஒரு சேவை அமைப்பினர். நுழைவுச் சீட்டு 1,500 ரூபாய். சீட்டு வாங்கியவர்கள் மேசை மேசையாகச் சென்று ஒவ்வொரு பண்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாம். மேல்நாடுகளில் இத்தகைய விழாக்களில் உணவோடு திராட்சை மதுவும் ஒரு மிடறு தருவார்கள். இங்கே அதே மாதிரிக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சைச் சாறு தந்தார்கள். அது நல்லதுதான்.

உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீரகச் சம்பா பிரியாணியும் கருப்பட்டிப் பணியாரமும் மண்டபத்தையே மணக்க வைத்தன. அந்த மணத்தில் நம் கடைத்தெருவுக்குப் பெரும்பங்கு உண்டு. அரிசி, எண்ணெய், பருப்பு, முந்திரி, ஏலக்காய் என்று வேண்டிய சரக்கில் பெரும்பகுதி நம் உறுப்பினர்கள் இலவசமாகக் கொடுத்ததுதான்.

வாசலில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் நான்கு டின் கடலை எண்ணெய் கொடுத்திருந்தார். இன்றைய விலையில் அது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். கடையை முன்னதாகவே சாத்திவிட்டு மனைவியோடு வந்தவரை, “சீட்டு எங்கே?” என்று நிறுத்திவிட்டார்கள். “எண்ணெய் கொடுத்தது நான்தானுங்க” என்றார் அவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. நாம் பேசித்தான் உள்ளே அழைத்துப் போக வேண்டியிருந்தது. மேடையில் மண்டபம் தந்தவர், விளக்கு போட்டவர் பெயரெல்லாம் வாசித்தார்கள். மளிகைக்காரர்கள் ‘மற்றும் பலர்’ ஆனார்கள்.

பெயர் போனால் போகட்டும். கணக்கு வேண்டாமா? மூன்று வாரம் கழித்து, வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை நோயாளிகளுக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்று கேட்டோம். “இன்னும் கணக்கு முடிக்கவில்லை சார்” என்பதே பதில். யாரும் கையாடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். ஆனால் இலவசமாக வந்த சரக்கு எந்த ஏட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. வரவே இல்லாத பொருளுக்குச் செலவுக் கணக்கு எங்கிருந்து வரும்? மீந்த பிரியாணியை அண்டாவோடு கொட்டியதையும் கண்ணால் பார்த்தோம். டயாலிசிஸ் என்பது பலருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, விடாமல் செய்ய வேண்டிய சிகிச்சை. அங்கே வீணான ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவருடைய ஒரு முறையில் குறைகிறது.

மேல்நாட்டு வழக்கத்தைப் பார்த்து விழா எடுப்பவர்கள், அங்குள்ள கணக்கு ஒழுங்கையும் பார்க்க வேண்டும். பிரான்ஸ் நாட்டின் பர்கண்டிப் பகுதியில் போன் என்று ஓர் ஊர். 1443-இல் நிக்கோலா ரோலன் என்பவரும் அவர் மனைவியும் ஏழைகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். பின்னால் வந்த பலர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். 1859 முதல் அந்தத் தோட்டங்களின் மது ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. நாள், நவம்பர் மூன்றாம் ஞாயிறு. வாங்க நினைப்பவர்கள் முன்னதாகவே சுவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 228 லிட்டர் பீப்பாய்தான் அளவு. விலை எல்லோர் முன்னிலையிலும் கூவப்படுகிறது. பணம் மருத்துவமனைக்குப் போகிறது. 1978 முதல் ஒரு பீப்பாயைத் தனியே ஒதுக்கி, அதன் பணத்தை வேறு தருமங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

மதுவுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. முறையைத்தான் பாருங்கள். அங்கே வணிகர் சரக்கை இனாமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. ஏலத்தில் நின்று, விலை கொடுத்து வாங்குகிறார். தோட்டம் கொடுத்தவர்களின் பெயர் இன்றைக்கும் அந்த மதுவின் பெயராக வழங்குகிறது. அளவும் விலையும் ஊருக்குத் தெரியும்.

இது நமக்குப் புதிதா? மகமை என்ற சொல்லை நம் முன்னோர் நமக்கு விட்டுப் போயிருக்கிறார்களே! மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்து, ஏட்டில் எழுதி, உறவின்முறையில் கணக்கு வாசித்துப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியா சாலை, மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் வளர்த்த பள்ளி. பிடி அரிசிக்கும் கணக்கு இருந்த ஊரில், டின் எண்ணெய்க்குக் கணக்கு இல்லை என்றால் எப்படி?

வரி விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. உள்ள சரக்கை இலவசமாகக் கொடுத்தால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பியாக வேண்டும். ‘80ஜி’ என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிக் கழிவு, பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே இல்லை. ஆக, எண்ணெய் கொடுத்தவர் எண்ணெயையும் இழந்து வரியையும் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. தருமத்துக்குத்தானே என்று விலை போகாத சரக்கையும், தேதி முடியப் போகிற பாக்கெட்டையும் தள்ளிவிடுகிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்குவதை நோயாளியின் பேரில் கொடுப்பது தருமம் ஆகாது.

ஆகவே உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

1. சரக்கைக் கொள்முதல் விலைக்குப் பில் போட்டு விற்றுவிடுங்கள். நன்கொடையைத் தனியாகக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

2. இலவசமாகவே கொடுப்பதானால் எடை, விலை குறித்த சிட்டை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

3. தனித்தனியாக இல்லாமல் சங்கத்தின் வழியாகக் கொடுங்கள். முப்பது நாளில் வரவு செலவு தருவதாக எழுதிக் கொடுப்பவர்களுக்கே சங்கம் கொடுக்கட்டும்.

4. மீதி உணவு யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மீந்த உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்றே 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வகுத்திருக்கிறது.

இப்படிக் கேட்டால் கஞ்சன் என்று சொல்வார்களோ என்று கூச வேண்டாம். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் இரவு பன்னிரண்டு மணி வரை கூட்டிப் பார்க்கிறவர்கள் நாம். அந்த அக்கறை தருமத்துக்கும் வேண்டும். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அளந்து கொடுப்போம், கணக்குக் கேட்போம். எண்ணெய் கொடுத்தவர் அடுத்த விழாவில் வாசலில் நிற்காதபடி பார்த்துக்கொள்வோம்.