35 மார்க் கருணை

ஒவ்வொரு மே மாதமும் பத்திரிகைகளுக்கு ஒரு தலைப்பு தயாராக இருக்கும்: வழக்கம்போல் மாணவிகளே அதிகம் தேர்ச்சி. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவிகள் 94.53 சதவீதம், மாணவர்கள் 88.58 சதவீதம். பக்கத்திலேயே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிக்கொள்ளும் படம். அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சந்தோஷம்தான். கூடவே ஒரு கேள்வியும் வரும். இவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்பதைச் சொல்லிவிட்டீர்கள். எத்தனை பேருக்குக் கணிதம் சொல்லித்தரப்பட்டது?

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். வினாத்தாளில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கூட்டினால் 30. மிச்சம் 5-க்கு முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' இருக்கிறது. ஒரு சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என்று எழுதிக் காட்டச் சொல்லும் கணக்கை மனப்பாடமாகவே போடலாம். ஆக 35. இது ரகசியம் ஒன்றும் இல்லை. கணக்கு ஆசிரியர் எல்லாருக்கும் தெரிந்த சூட்சுமம். இதற்கென்றே கையேடுகள் உண்டு. அந்தக் கையேடு யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கு ஒரு பெயரும் உண்டு: மெல்லக் கற்போர்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பட்டியல் தயாராகும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் கிடையாது, முக்கோணவியல் கிடையாது, நிகழ்தகவு கிடையாது. காம்பஸும் கிராஃப் தாளும்தான். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகளை மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து முடித்த ஒரு பெண், "தொடுகோடுன்னா என்ன மிஸ்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு மாதிரிப் படம் வரைய வைக்கலாமே என்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் அறிவுரை.

ஒரு ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாஸ் பண்ண வைங்க மேடம், போதும். உங்கள யாரும் ராமானுஜனை உருவாக்கச் சொல்லல." அவர் கெட்டவர் இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்ற பெண்ணை அடுத்த தை மாதம் மணமேடையில் பார்ப்போம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் 35 மார்க்கை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அந்த 35 பல பெண்களுக்குப் படிப்பில் இன்னும் இரண்டு வருடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. என் சண்டை வேறு. அந்த 35-ஐ வாசல்படியாக வைத்தால் சரி. கூரையாக வைத்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

யார் இந்த மெல்லக் கற்போர்? என் வகுப்புப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்தால் புரியும். தம்பிக்குக் காய்ச்சல் என்று வராதவள், அம்மா நடவுக்குப் போனதால் வீட்டைப் பார்த்துக்கொண்டவள், மாதத்தில் மூன்று நாள் கழிப்பறைக்குப் பயந்து நின்றுவிட்டவள். ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திய வாரத்தில் அவள் வகுப்பில் இல்லை. தமிழில் ஒரு செய்யுள் விட்டுப்போனால் அடுத்த செய்யுளைப் படித்துவிடலாம். பின்னம் விட்டுப்போனால் விகிதம் இல்லை, சமன்பாடு இல்லை, சாய்வு இல்லை. கணக்கு அப்படி அடுக்கிய சுவர். வீட்டு வேலை பறித்த நாட்களுக்குப் பள்ளிக்கூடம் மூளையின் வேகம் என்று பெயர் வைக்கிறது.

பெண்களுக்குக் கணக்கு வராது என்பவர்களுக்கு ஒரு தகவல். 2018 அசர் அறிக்கைக்காகக் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு கொடுத்துப் பார்த்தார்கள். 14 முதல் 16 வயதில் நாடு முழுக்கச் சரியாகப் போட்ட பையன்கள் 50 சதவீதம், பெண்கள் 44. ஆனால் இமாச்சலம், பஞ்சாப், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பெண்களே முன்னால் நின்றார்கள். நம் மாநிலத்துப் பெண் பிள்ளைகளுக்கு வகுக்கத் தெரியும். அதற்கு மேல் போகாமல் அவர்களை நிறுத்துவது எது?

சுமையைக் குறைக்கிறோம் என்ற குரல் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரம் பையன் அப்பன் தொழிலைப் பழகலாம், பெண் அம்மாவுக்கு ஒத்தாசை செய்யலாம். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள் என்பது அதற்குச் சொன்ன நியாயம். நிறையப் பேருக்குக் கல்வி என்ற சமத்துவ வாதம்தான் அதுவும்! குலக்கல்வி என்று நாம் அதை விரட்டியடித்தது சரி. ஆனால் அதில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட பாதி நாளைப் பற்றி அன்றும் குறைவாகத்தான் பேசினோம், இன்றும் குறைவாகத்தான் பேசுகிறோம்.

1960-களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்த அதே ஹன்சா மேத்தா. ஆண், பெண் என்று பாடத்திட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்றது அந்தக் குழு. கோத்தாரி ஆணையம் அதை ஏற்றுக்கொண்டு, முதல் பத்தாண்டுக் கல்வியில் கணிதமும் அறிவியலும் எல்லாருக்கும் உண்டு என்றது. பெண்களுக்கு மனையியல் போதும் என்ற காலத்தில் வாங்கிய உரிமை அது. அறுபது வருடம் கழித்து அதே பிரிவினை வேறு உடையில் வருகிறது.

மத்திய வாரியம் 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள் வைத்தது. ஒன்று 'ஸ்டாண்டர்ட்', இன்னொன்று 'பேசிக்'. பாடம் ஒன்றுதான், தேர்வின் கடினம்தான் வேறு. பேசிக் எழுதியவர் பதினொன்றில் கணிதம் எடுக்க முடியாது என்பது தொடக்கத்தில் வைத்த விதி, கொரோனா காலத்தில் அதைத் தளர்த்தினார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையோ, கணிதத்தில் தொடங்கி எல்லாப் பாடங்களையும் இரண்டு நிலைகளில் வைக்கலாம் என்கிறது. அந்தக் கொள்கையை நாம் எதிர்க்கிறோம், எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் வாசலில் நின்று கோஷம் போடும்போது, வகுப்பறைக்குள் பெயர் இல்லாமல் இரண்டு நிலை ஏற்கெனவே நடக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

மறுபக்கத்தில் சாதனைக் கட்சிக்காரர்கள். இவர்களுக்குக் கணிதம் என்றால் சென்டம். நன்றாகப் படிக்கிற பத்துப் பேரைத் தனியே உட்கார வைத்துத் தேய்த்து எடுப்பது. எல்லாரையும் ஒன்றாக வைத்தால் தரம் போய்விடும் என்பது இவர்களின் பல்லவி. அந்தப் பத்துப் பேரும் புரிந்துதான் போடுகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. 2005 கலைத்திட்டத்துக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை, நம் கணிதப் பாடம் திறமையுள்ள சிலரையும் ஏமாற்றுகிறது, பயந்து ஒதுங்கும் பலரையும் ஏமாற்றுகிறது என்ற பொருளில் சொல்லி இருபது வருடம் ஆகிறது. தரம், சமத்துவம் என்று இரண்டு தட்டு வைத்து எடை போடுவதே பித்தலாட்டம். மனப்பாடம் இரண்டு தட்டிலும் இருக்கிறது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அரசுப் பள்ளிகளில் 2014-இல் எட்டாம் வகுப்பிலிருந்து இயற்கணிதத்தை எடுத்துவிட்டு ஒன்பதுக்குத் தள்ளினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் பின்தங்காமல் இருக்கவே என்றார்கள். வசதியுள்ளவர்களுக்கு வெளியே பாடம் வாங்க வழி இருந்தது. 2024-இல் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். அதே நாட்டில் பாப் மோசஸ் என்று ஒருவர் இருந்தார். மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடிவாங்கியவர். 1980-களில் அவர் கையில் எடுத்த அடுத்த போராட்டம் இயற்கணிதம். ஏழைப் பிள்ளைக்கு இயற்கணிதம் வாக்குரிமை போன்றது என்பது அவர் வாதம். பிள்ளைகளுக்குக் கணக்கைக் குறைக்கச் சொல்லவில்லை அவர். ரயிலில் கூட்டிப்போய், ஏறிய நிறுத்தத்தையும் இறங்கிய நிறுத்தத்தையும் வைத்து மிகை எண், குறை எண் சொல்லிக்கொடுத்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு அன்றாடக் கணக்கு தெரிஞ்சா போதாதா டீச்சர்?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. சரி, அன்றாடத்துக்கே வருவோம். என் பழைய மாணவி ஒருத்தி தன் அம்மாவின் குழுக்கடன் அட்டையைக் கொண்டுவந்தாள். 30,000 ரூபாய், இரண்டு வருடம், 12 சதவீத 'ஃபிளாட்' வட்டி. வட்டி மட்டும் 7,200. மாதம் 1,550 கட்ட வேண்டும். அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ முழு 30,000-க்கும் கடைசி வரை ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 12 சதவீதம் உண்மையில் 21-ஐத் தாண்டுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கூட்டல் கழித்தல் போதாது. பெருக்குத் தொடர் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு இரண்டாம் பாடத்தில் இருக்கிறது, 35 மார்க் கணக்குக்குத் தேவைப்படாதது என்று தாண்டிப்போகும் பக்கங்களில். நம் தெருக்களில் அந்த அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெண்கள். வீட்டு வாசலில் வசூலுக்கு வந்து நிற்பவருக்குப் பதில் சொல்கிறவர்களும் பெண்கள்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளில் இது எல்லாம் ஒன்றாகத் திரளும். 38 எடுத்தவளிடம் "கணக்கு குரூப் வேணாம்மா, கஷ்டப்படுவ" என்பார்கள். 80 எடுத்தவளிடமும் சில வீடுகளில் அதையே சொல்கிறார்கள், இன்ஜினியரிங் என்றால் வெளியூர், ஹாஸ்டல் என்று பயந்து. சில பெண்கள் பள்ளிகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முதுகலை கணித ஆசிரியர் பணியிடம் இல்லாததால் கணக்கு குரூப்பே கிடையாது. அடுத்த ஊர் இருபாலர் பள்ளியில் இருக்கிறது, பஸ் மாற வேண்டும். அதோடு முடிந்தது. 2021-இல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் இடம் ஒதுக்கியது பெரிய காரியம். 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருவதும் பெரிய காரியம், அந்தப் பணத்தை நம்பிக் கல்லூரிக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பொறியியல் கட்ஆஃப் 200-இல் 100 கணிதம். பதினாறு வயதில் கணக்கை விட்டவளுக்கு அந்த 7.5 யாருடைய சதவீதம்?

ஆகவே எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பாடத்தைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்தில் வாரம் நான்கு பாடவேளை கூடுதலாகக் கொடுத்தால் பின்னமும் குறை எண்ணும் சீராகும், அதற்கு மேல் அவர்கள் தாங்களே ஏறுவார்கள். அதைப் பள்ளி நேரத்துக்குள் கொடுங்கள். சாயங்கால வகுப்பு என்றால் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியவள் வரமாட்டாள். எல்லாப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும் கணிதப் பிரிவு, அதற்கு நிரந்தர ஆசிரியர். பிறகு, மே மாதம் வெளியிடும் அந்த மாவட்டவாரித் தேர்ச்சிப் பட்டியலில் இன்னொரு கட்டம்: பத்தில் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவிகளில் எத்தனை பேர் பதினொன்றில் கணிதம் எடுத்தார்கள். புதிதாகக் கணக்கெடுக்க வேண்டாம். யார் எந்த குரூப் என்பதை நாங்கள் ஒவ்வொரு வருடமும் எமிஸில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.