வடிகட்டியில் கனிமத் தூள்: எங்கள் நிலைப்பாடு

சிகரெட் வடிகட்டியில் சியோலைட், நுண்துளை சிலிக்கா போன்ற கனிமங்களைச் சேர்த்தால் புகையின் நச்சு குறையும் என்கிறார்களே, அத்தகைய சிகரெட்டை ஆதரிக்கலாமே என்று எங்களிடம் கேட்கிறார்கள். ஆதரிக்க மாட்டோம்.

வேதியியலோடு எங்களுக்குச் சண்டை இல்லை. சியோலைட்டின் துளைகள் ஒரு நானோமீட்டரைவிடக் குறுகலானவை; உள்ளே நுழையும் மூலக்கூறுகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன்களில் சிலவற்றை இப்படிக் குறைக்க முடியும் என்று ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் புகை வெறும் வாயு அல்ல. தார் நுண்துளிகளாக மிதந்து வருகிறது. ஒவ்வொரு துளியும் அந்தத் துளையைப்போலப் பல நூறு மடங்கு பெரியது. கார்பன் மோனாக்சைடு உள்ளே போனாலும் சாதாரண வெப்பநிலையில் தங்காது. போதாக்குறைக்கு, புகையிலுள்ள ஈரம் முந்திக்கொண்டு துளைகளில் இடம்பிடிக்கும். எரியும் முனையிலிருந்து காற்றில் கலக்கும் புகையோ வடிகட்டிப் பக்கமே வருவதில்லை. அருகில் இருக்கும் மனைவி, பிள்ளைகளின் நெஞ்சுக்குள் பெரும்பாலும் போவது அதுதான்.

1952இல் அமெரிக்காவில் கென்ட் சிகரெட் 'மைக்ரோனைட்' வடிகட்டியோடு வந்தது. உடல்நலம் காக்கும் என்றே விளம்பரம் செய்தார்கள். 1956 வரை அதற்குள் இருந்தது நீலக் கல்நார். அந்த வடிகட்டிப் பொருளை 1953இல் தயாரித்த 33 தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. சுமார் 8 சாவுகள் எதிர்பார்க்கத்தக்க இடத்தில் 28 பேர் இறந்திருந்தார்கள். சியோலைட் கல்நார் இல்லை, சரி. ஆனால் துருக்கியின் கப்படோசியா கிராமங்களில் நுரையீரல் உறைப் புற்றுநோயைப் பரப்பிய எரியோனைட்டும் சியோலைட் குடும்பம்தான். எந்தக் கனிமம், எந்த வடிவம், தூள் உதிர்ந்து உள்ளே போகுமா என்று கேட்காமல் வாயில் வைக்கச் சொல்லக் கூடாது.

இந்தியாவின் நிலையும் வேறு. 2016–17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடியும், 4 சதவீதம் பேர் சிகரெட்டும் புகைத்தார்கள். பீடியில் வடிகட்டியே கிடையாது; அதைப் புகைப்பவர்களுக்கு இந்தப் புது வடிகட்டியால் பயனில்லை.

ஆராய்ச்சி நடக்கட்டும். முடிவுகள் ஆய்வக இயந்திரம் இழுக்கும் புகையில் மட்டுமல்லாமல், புகைப்பவர்களின் உடலிலும் அளக்கப்பட்டு வெளிப்படையாக வரட்டும். ஆனால் பெட்டியின்மேல் 'நச்சுக் குறைவு' என்ற சொல் ஏறக் கூடாது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் பிரிவும் இத்தகைய மயக்குச் சொற்களுக்கு எதிரானது. இதை அரசு கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும்.

புகைப்பவர்கள் புது வடிகட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.