திராட்சைக்கு 40 ஏக்கர், நாரைக்கு?

கலிஃபோர்னியாவில் பிள்ளை இருக்கும் பெற்றோரின் சுற்றுலாப் பட்டியல் அநேகமாக ஒன்றுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம், கடல் சிங்கங்கள் படுத்துக் கிடக்கும் பியர் 39, அப்புறம் ஒரு சனிக்கிழமை நாபா பள்ளத்தாக்கு. ஒயின் ஊர். 'குடிக்கிற இடத்துக்கா எங்களைக் கூட்டிட்டு வந்தே?' என்று அம்மா முகம் சுளிப்பார். 'சும்மா தோட்டத்தைப் பாரும்மா' என்பான் பையன். பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திராட்சைக் கொடி. நடுவே மனைக்கல் கிடையாது, அடுக்குமாடி கிடையாது. 'எவ்வளவு அழகா வெச்சிருக்கான்!' என்று ஊர் திரும்பி ஆறு மாதம் சொல்லிக்கொண்டே இருப்பார் அப்பா.

அந்த அழகு தானாக வந்துவிடவில்லை, சார். 1968-ல் நாபா கவுன்டி நிர்வாகம் தன் விளைநிலத்தை விவசாயப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். 1 ஏக்கராக இருந்த குறைந்தபட்ச மனை அளவை 20 ஏக்கராக்கினார்கள். பிறகு அது 40 ஆனது. தோட்டத்தைக் கூறு போட்டு வீடு கட்டி விற்க முடியாது. நிலத்தை விற்றுக் காசு பார்க்க இருந்தவர்கள் எதிர்த்தார்கள். சட்டம் நின்றது.

இனி இரண்டாவது ரீல். அதே பையன் டிசம்பர் லீவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சென்னை வருகிறான். நாம் எங்கே கூட்டிப் போகிறோம்? மாலுக்கு. ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்கு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு போட்டோ. இன்னொரு நாள் நேரம் மிச்சமிருந்தால் வேடந்தாங்கல். 'எல்லாம் ஃபாரின் பேர்ட்ஸ்டா' என்று பேரனுக்கு விளக்கம். இருபது நிமிஷத்தில் கார் கிளம்பிவிடும். வருகிற வழியில் படாளம் பக்கம் ஒரு மனை பார்த்து, பிடித்திருந்தால் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வருவார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

முதலில், அது ஃபாரின் சமாசாரம் அல்ல. வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் வாத்துகள் குளிருக்கு ஒதுங்கிவிட்டுப் போகின்றன. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இதுதான் பிறந்த வீடு. பிரசவம் பார்க்க நம் அம்மாக்கள் விமானம் ஏறி அமெரிக்கா போகிறார்கள்; நாரை பிரசவத்துக்கு இங்கே வருகிறது.

இரண்டாவது, இதையும் ஒரு சட்டம்தான் காப்பாற்றியது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் நம் கிராமத்து ஜனங்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் 'கவுல்' என்ற உறுதிப் பத்திரம் கிடைத்தது. நாபாவுக்கு 170 வருஷம் முன்னால்! பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஏரி சின்னது, சுமார் 30 ஹெக்டேர். அங்கே பறவை தூங்கும், கூடு கட்டும். சாப்பாடு சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான். வயலில் நத்தை இல்லையென்றால் நத்தைகுத்தி நாரை எதைத் தின்னும்? அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சேர்த்துச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-ல் அந்த 5-ஐ 3 ஆகக் குறைக்க அரசுத் தரப்பிலேயே ஒரு யோசனை கிளம்பியது. பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. 2022-ல் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்ததற்குக் கைதட்டினோம். சரி, பட்டியல் நாரைக்குச் சோறு போடுமா?

வயல் போனால் நாரை போகும். அந்த வயலை மனையாக்கும் பணத்தில் டாலரும் இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே தோட்டத்தை வீட்டு மனையாக்க விடாத சட்டத்தைக் காட்டி அப்பாவைப் பெருமைப்பட வைக்கிறீர்கள். இங்கே வயலைப் பிளாட் போட்டவனிடம் கார்னர் மனையாகக் கேட்கிறீர்கள். இது என்னங்க நியாயம்?

'விக்கிறவன் விக்கிறான், வாங்கினா என்ன தப்பு?' என்பீர்கள். விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது நிஜம். நாபாவில் திராட்சைக்கு விலை கிடைக்கிறது, நிலம் நிற்கிறது. இங்கே நெல்லுக்கு அந்த விலை இல்லை. அப்படியானால் பறவைக்குச் சாப்பாடு போடும் வயலுக்கு அரசு தனியாக ஊக்கத்தொகை கொடுக்கட்டும் என்று கேளுங்கள். பார்க்க வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் அந்த விவசாயிக்கும் ஒரு பங்கு கேளுங்கள். அதைக் கேட்காமல் மனை வாங்குவது, கேட்டு வாங்கிய அந்த 1798 பத்திரத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

வரும் டிசம்பரில் பேரப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போங்கள். சாயங்காலம் வரை இருங்கள். பறவைகள் எந்தத் திசையிலிருந்து கூடு திரும்புகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தத் திசையில் மட்டுமாவது மனை வாங்காதீர்கள். எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றனவே என்று பேரன் சொன்னால், கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.